பழைய பெட்டிகளும் தமிழ் வழங்கிகளும்

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எழுத்துருவில் தொடங்கி விசைப்பலகையில் முடித்துவிடுகின்றனர். 1985ஆம் ஆண்டில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு, அங்கே முடிவான தமிழ்99 விசைப்பலகை, பின்னர் ஒருங்குறியின் வருகை என்று அவ்வரலாறு நடைபோடும். அதில் பிழையொன்றும் இல்லை. எழுத்து கண்ணுக்குத் தெரியும். விசை கைக்குத் தட்டுப்படும். ஆனால் அவ்வெழுத்துகள் எந்தப் பெட்டியில் குடியிருந்தன, அந்தப் பெட்டிக்குச் சோறு போட்டவர் யார், அது அணைந்த நாளில் உள்ளே இருந்தவை எங்கே போயின என்னும் வினாக்களை நம்மவர் அதிகம் கேட்டதில்லை. ஏட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏடு செருகப்பட்ட பரணைப் பற்றி எழுதாமல் விட்டதைப் போன்றது இது. பரண் எரிந்தால் ஏடும் எரியும் என்பதை உ.வே.சா. காலத்திலேயே அறிந்த மொழி நம்முடையது.

வழங்கி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தொண்ணூறுகளின் இறுதியில் இதற்குப் பரிமாறி, சேவையகம், வழங்கி என்று மூன்று நான்கு சொற்கள் புழங்கின. பரிமாறி என்பதில் பந்தியின் மணம் இருந்தது, அது நிலைக்கவில்லை. சேவையகம் இன்றும் அரசுக் கோப்புகளில் உண்டு. வழங்கி நிலைபெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. வழங்குதல் என்றால் கொடுத்தல் மட்டுமன்று. பழைய இலக்கியங்களில் அது நடமாடுதலையும் குறிக்கும். வழக்கு என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். கொடுத்துக்கொண்டே இருப்பது, நடமாட்டத்தில் இருப்பது, வழக்கொழியாமல் இருப்பது ஆகிய மூன்று பொருளும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இச்சொல்லைத் தேர்ந்தவர் தெரிந்து தேர்ந்தாரோ, கை போன போக்கில் தேர்ந்தாரோ, பொருத்தம் பொருத்தம்தான்.

வழங்கி என்பது ஒரு பெட்டியின் பெயரன்று. ஒரு வேலையின் பெயர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தக் கணினியிலும் அந்த வேலைக்குரிய மென்பொருளை நிறுவி, அதற்கான அமைப்புக் கோப்பில் நான்கு வரிகளைத் திருத்தி, வலைக்கென வகுக்கப்பட்ட எண்பதாம் எண் வாயிலில் காத்திருக்கச் சொன்னால், அது வழங்கியாகிவிடும். கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதே அதன் தொழில். அதற்குப் புத்தம் புதிய எந்திரம் தேவையில்லை என்பதுதான் இக்கட்டுரையில் பேசப்போகும் வரலாற்றின் அடிப்படை.

நாம் இதை எழுதுவது பூவத்திலிருந்து. காரைக்கால் மாவட்டத்தின் வடவெல்லை ஊர். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து, 1954 நவம்பரில் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த நிலத்தின் ஓரம். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. சற்றுத் தொலைவில் பொறையாறும் தரங்கம்பாடியும். ஒரு காலத்தில் அந்தச் சிற்றாறு பிரெஞ்சு நிலத்துக்கும் டேனிஷ் நிலத்துக்கும் இடையில் ஓடியது. எம் ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. ஆனால் அக்கரையில் நடந்த ஒரு செயலை விட்டுவிட்டு வழங்கிகளின் கதையைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் அச்சிட விரும்பி ஐரோப்பாவுக்கு எழுதினார். இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியையும், அதை இயக்க யோனாஸ் ஃபிங்க் என்பவரையும் 1711இல் கப்பலேற்றியது. அக்கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். கப்பல் மீண்டது; ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் பொறி மட்டும், அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல், தரங்கம்பாடி வந்துசேர்ந்தது. டேனிஷ் கோட்டையின் படைவீரர்களுக்குள் அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துத்தான் அதை ஓட்டினார்கள். அப்போதும் அதில் அச்சானது போர்த்துகீசியமே, தமிழன்று. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் ஆட்லர் என்னும் அச்சாளரோடு வந்தன. வந்த எழுத்துகளோ பெரியவை, தாளை விழுங்கின. கிடைத்தற்கரிய தாளை வைத்துக்கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அவ்வெழுத்தில் அச்சிட வழியில்லை. ஆகவே ஆட்லர் இங்கேயே, பொறையாறு வட்டாரத்திலேயே, சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714இலும் எஞ்சியது 1715இலும் அச்சேறின.

பொறி வந்தது 1712இல். தமிழ் அதில் வசதியாகக் குடியேறியது ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? இன்றைய சொல்லில் கூறினால் நிறுவுதலும் அமைத்தலும். வந்த பொருளை நம் எழுத்துக்கும் நம் தாளுக்கும் நம் வெயிலுக்கும் பொருந்தச் செய்தல். பாடநூல்கள் பொறி வந்த ஆண்டையே விழுந்து விழுந்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. நம் மாணவர்களும் செய்கிறார்கள். ஈயத்தை உருக்கிய ஆண்டை எவரும் தேர்வில் கேட்பதில்லை.

இனி வழங்கிக்கு வருவோம். உலகின் முதல் வலை வழங்கி, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ் லீயின் மேசையிலிருந்த நெக்ஸ்ட் கணினி அது. இது வழங்கி, இதை அணைத்துவிடாதீர்கள் என்று கையால் எழுதி அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சீட்டை நாம் மிகவும் மதிக்கிறோம். இணையத்தின் முழு மெய்ப்பொருளும் அதில் இருக்கிறது: யாரோ ஒருவர் பெருக்க வந்த இடத்தில் மின்செருகியைப் பிடுங்கினால் வையவிரிவு வலை முழுவதும் போய்விடும்! 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி மென்பொருள் பலராலும் பயன்படுத்தப்பட்டது. 1994இல் அவர் அங்கிருந்து விலகவே, அதைக் கவனிப்பார் இல்லாமற் போயிற்று. பயன்படுத்தியவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தனர். அந்த ஒட்டுகளையெல்லாம் ஒன்றாகத் தைத்து, 1995 ஏப்ரலில் எண்மர் கொண்ட குழு ஒன்று வெளியிட்டதே அப்பாச்சி. ஓராண்டுக்குள் உலகின் மிகுதியான வலைத்தளங்களை வழங்கும் மென்பொருளாக அது ஆகிவிட்டது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

இன்னொரு பக்கம், 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 386 கணினிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ். பல்கலைக்கழகங்களின் குளிரூட்டப்பட்ட அறைகளில், பல இலட்சம் ரூபாய் விலையுள்ள எந்திரங்களில் மட்டும் ஓடிய யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை அது சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. லினக்ஸும் அப்பாச்சியும் சேர்ந்தபோது, எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அலுவலகம் கழித்துப்போட்ட 486 கணினி உயிர்பெற்றது. அதில் அன்றைய விண்டோஸ் மூச்சிரைக்கும். ஆனால் திரையும் வரைபடமும் இல்லாத, வெறும் எழுத்துவரிகளால் இயங்கும் வழங்கியாக அது பல மாதம் அணையாமல் ஓடும். கணக்கு எளிது. அன்றைய தொலைபேசி இணைப்பி மிக வேகமாகப் போனாலும் நொடிக்கு ஏழு கிலோபைட்தான் தரும். அதைவிட வேகமாகக் கோப்பை எடுத்துக் கொடுக்கக் கிழட்டு எந்திரத்தாலும் முடியும். தடை கம்பியில் இருந்தது, பெட்டியில் இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று இடம்பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது எழுத்துத்திரை மட்டும் காட்டும் கணக்கு. அதற்குப் பழைய கணினியே போதுமாயிருந்தது. பிசிக்வெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. அக்காலத்து இணைப்பில் ஒரு குறுந்தகட்டளவு தரவிறக்குவது நடவாத காரியம் என்பதால், இந்தியச் சிற்றூர்களில் லினக்ஸ் பரவியது கம்பி வழியாக அன்று, பத்திரிகைக் கடை வழியாக. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். சிற்றிதழ் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது: சிறு கூட்டம், கைம்மாறு கருதாத உழைப்பு, ஓயாத சண்டை.

தமிழ் எந்த வழங்கியில் முதலில் ஏறியது? சிங்கப்பூரில். 1995 அக்டோபரில், நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட வலைத்தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப்பகுதியைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1999 மே மாதத்தில் அவர் மறைந்தார். தமிழ் இணையத்துக்குள் இலக்கியத்தின் வழியாக, அதுவும் கவிதையின் வழியாக நுழைந்தது என்பதை நம் இலக்கிய வரலாற்று நூல்கள் ஓர் அடிக்குறிப்பாகவேனும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு உலகெங்கும் சிதறியிருந்தவர்களை ஒரு திண்ணையில் உட்காரவைத்தது. 1998 பொங்கல் நாளன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். வேதியியல் அறிஞர் ஒருவரின் ஒருங்கிணைப்பில், ஊதியமின்றி, பல நாட்டினர் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் வழங்கிகளில் ஏறின.

அந்த வழங்கிகள் யாருடையவை என்று பார்த்தால் நெஞ்சு சற்றுப் பதறும். ஒன்று தன்னார்வலர் ஒருவர் தம் செலவில் நடத்தியது. இன்னொன்று ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஒதுக்கிடம். மற்றொன்று ஜியோசிட்டீஸ் என்ற இலவசக் குடியிருப்பு. கல்யாணசுந்தரம் நடத்திய தமிழ் மின்னூலகப் பக்கங்களும் ஒரு காலத்தில் ஜியோசிட்டீஸின் ஏதென்ஸ் என்னும் பேட்டையில்தான் இருந்தன. யாஹூ அதை 1999இல் வாங்கி, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. கல்யாணசுந்தரம் முன்யோசனையுள்ளவர், தம் பக்கங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அப்படிச் செய்யாத, அல்லது செய்ய உயிரோடில்லாத தமிழர்களின் பக்கங்கள் எத்தனை? ஊர் வரலாறு, கோயில் பாடல், சிறுகதை, நாட்டுப்பாடல் தொகுப்பு என்று எத்தனையோ அங்கே கிடந்தன. வாடகையில்லாத வீடு வாடகை வீட்டைவிடத் தீங்கானது. முன்னறிவிப்பு வந்தால் முறையிட இடமில்லை.

சொந்தப் பெட்டியில் சொந்த வழங்கி என்பதன் அருமை இங்கேதான் புரியும். ஆனால் பெட்டி சொந்தமானால் மட்டும் தமிழ் அதில் ஒழுங்காகக் குடியேறிவிடாது. ஹாலேயின் பெரிய எழுத்து தாளை விழுங்கிய கதை இங்கே மறுபடியும் நடந்தது.

திஸ்கி என்ற குறியாக்கம் தமிழ்.நெட் அன்பர்களின் நீண்ட மடல் விவாதங்களில் உருவானது. அதில் தமிழ் என்ற சொல்லுக்கு நான்கு பைட் இடம் போதும். ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் அதே சொல்லுக்குப் பதினைந்து பைட் வேண்டும். த, ம, இகரக்கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று. வலைமுகவரியில் அச்சொல்லை இட்டால் நாற்பத்தைந்து எழுத்துகளாக நீளும். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட். இது சதியன்று, வரிசையில் பின்னால் நின்றவனுக்குப் பெரிய எண் கிடைத்தது, அவ்வளவே. திருக்குறள் மூலம் முழுவதும் யு.டி.எஃப்-8இல் சுமாராகக் கால் மெகாபைட் வரும் என்பது நம் கணக்கு. ஒரு நெகிழ்வட்டில் ஐந்து வள்ளுவர் அமரலாம். ஆகவே இடம் உண்மையில் இடையூறன்று. இடையூறு வேறொன்று.

கோப்பை அனுப்பும்போது வழங்கி ஒரு தலைச்சீட்டையும் சேர்த்தனுப்பும். இது இன்ன குறியாக்கத்தில் உள்ளது என்று அதில் எழுதியிருக்கும். கோப்புக்குள்ளே நாம் வேறு எதை எழுதியிருந்தாலும் உலாவி அத்தலைச்சீட்டையே நம்பும். 1999இல் வகுத்த வலை நெறிமுறை, ஒன்றும் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று கொள்க என்றது. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் முன்னிருப்புக் குறியாக்கம் என்று ஒரு வரி உண்டு. சில லினக்ஸ் வெளியீடுகளில் அவ்வரி மேற்கு ஐரோப்பிய எழுத்தைக் குறித்தது; பின்வந்த சிலவற்றில் யு.டி.எஃப்-8ஐக் குறித்தது. முதல்வகை வழங்கியில் ஒருங்குறித் தமிழை ஏற்றினால் என்ன தெரியும் என்பதை அக்கால வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: தலையில் சாய்கோடு போட்ட இலத்தீன் அகரமும், வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக் குறியும் மாறி மாறி நிற்கும் ஊர்வலம். இரண்டாம் வகையில் திஸ்கிப் பக்கத்தை ஏற்றினால் வினாக்குறிகளின் தோப்பு. இரண்டுக்கும் மருந்து ஒரே வரியைத் திருத்துவது. அந்த ஒரு வரியைத் தொடும் உரிமை தன்னிடம் இல்லாத காரணத்தால் எத்தனையோ தமிழ்த் தளங்கள் இடம் மாறின. உரிமை என்பது சில வேளைகளில் ஒரு வரியின் அளவுதான்.

தரவுதளத்தின் கதை இன்னும் விந்தை. வலைப்பதிவுகள் பெருகியபோது அவற்றின் பின்னே இருந்தது மைஎஸ்கியூஎல். அதைச் செய்தது சுவீடன் நிறுவனம். ஆதலால் வேறொன்றும் சொல்லாமல் நிறுவினால் எழுத்துகளை இலத்தீனாகக் கொண்டு சுவீடிய அகரவரிசையில் அடுக்கும்! 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை இதுவே நிலை. ஆயிரக்கணக்கான தமிழ்க் கவிதைகளும் கதைகளும் பல ஆண்டுகள் சுவீடிய எழுத்தாக வேடம் புனைந்து படுத்திருந்தன. கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்ததால் எவரும் அறியவில்லை. வழங்கியை மாற்றும் நாளில்தான் வேடம் கலையும். 255 இடம் கொண்ட தலைப்புப் பெட்டிக்குள் தமிழில் எண்பத்தைந்து குறிகளே அடங்கும். அதற்கு மேல் போனால் வால் அறுந்து, கடைசியில் ஓர் உடைந்த எழுத்து தொங்கும். நாயக்கர் காலக் கல்வெட்டில் சிதைந்த வரியை ஊகித்துப் படிக்கும் பயிற்சி உள்ளவர்களுக்கு இதில் அவ்வளவு சிரமம் இருந்திராது.

முதுகலை முடித்த புதிதில், 2004ஐ ஒட்டி, பூவத்தில் நண்பர் வீட்டு மாடியில் இப்படியொரு பெட்டியை நாமும் வைத்திருந்தோம். ஓர் அலுவலகம் கழித்த பென்டியம் இரண்டு. 64 மெகாபைட் நினைவகம். நான்கு கிகாபைட் வன்தட்டு. டெபியன் மூன்றாம் பதிப்பின் ஏழு குறுந்தகடுகளில் முதலாவது மட்டும் போதுமாயிருந்தது. வரைகலைத் திரையை நிறுவாமல் விட்டு, அப்பாச்சியை மட்டும் ஏற்றி, மதுரைத் திட்ட நூல்களை உள்ளே வைத்தோம். அருகிலிருந்த இரண்டு விண்டோஸ் 98 கணினிகளிலிருந்து எண் முகவரியைத் தட்டிப் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விண்டோஸில் ஒருங்குறித் தமிழ் உயிர்மெய் சேராமல் சிதறும் என்பதால் திஸ்கி வடிவையே வைத்தோம். இணையக் கட்டணம் ஏதும் இல்லை. மின்சாரம் போய் வந்தால் கோப்பமைப்பைச் சரிபார்க்க அது எடுத்துக்கொள்ளும் கால்மணி நேரம் மட்டும் நம் பொறுமையைச் சோதித்தது. கம்பராமாயணத்தில் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று கட்டளைவரியில் தேடி, சில நொடிகளில் விடை வந்தபோது, அட்டை அட்டையாகச் சொல்லடைவு தயாரித்த எம் ஆசிரியர் தலைமுறையை நினைத்துக்கொண்டோம்.

எம்முடையது விளையாட்டு. எங்கள் ஒன்றியப் பகுதியிலேயே, இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே, விளையாட்டல்லாத ஒன்று 1998இல் தொடங்கியிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் நடத்திய தகவல் கிராமத் திட்டம் அது. வில்லியனூரில் நடுநிலையம், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளைகள். வில்லியனூரில் தொலைபேசிவழி இணைய இணைப்பு இருந்தது. கிளைகளுக்கு இணையம் எட்டாது. ஆகவே இருவழி வானொலிக் கருவிகளைக் கொண்டு குரலையும் தரவையும் அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள் துணைநின்றன. வேலை செய்தவர்கள் ஊர்க்காரர்களே, அவர்களுள் பெண்கள் பலர். அரசுத் திட்டங்கள், விலைவாசி, மருத்துவர் வரும் நாள் என்று ஊருக்கு வேண்டியதைத் தமிழில் தட்டெழுதி வைத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலையுயர முன்கணிப்பை இறக்கித் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் இதில் அடுக்கடுக்காக எல்லாமே இருக்கின்றன: மூல வழங்கி, இடைநிலைச் சேமிப்பு, குறியாக்க மாற்றம், கடைசிக் கம்பி. வேறுபாடு ஒன்றே. பெரும்பகுதியை மென்பொருள் செய்யவில்லை. வில்லியனூர்ப் பெண் செய்தார். அவரே வழங்கி. கேட்டவருக்குக் கேட்டதை, அவர் மொழியில், அவருக்குப் புரியும் அளவில் எடுத்துக்கொடுத்தார். 2001இல் ஸ்டாக்ஹோம் நகரில் அத்திட்டத்துக்குப் பரிசு கிடைத்தபோது செய்தித்தாள்கள் கணினியின் படத்தைப் பெரிதாகப் போட்டன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, புதுச்சேரிக் கடற்கரையின் நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தொலைக்காட்சியில் செய்தி கண்டு எச்சரித்தார். ஊரில் இருந்தவர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கூவி மக்களை வெளியேற்றினார்கள். உயிர்கள் தப்பின. அன்றைக்கு ஊரைக் காத்தது இணையமன்று, உண்மைதான். ஆனால் அந்த ஒலிபெருக்கி அங்கே இருந்ததும், அதை யார் எப்போது எடுத்துப் பேசலாம் என்ற பழக்கம் ஊரில் ஏற்பட்டிருந்ததும், ஆறாண்டுகளாக அலையுயரம் வாசித்ததன் விளைவு. எங்கள் காரைக்கால் கரையில் அப்படி ஒன்றும் கூவவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத நமக்கு விருப்பமில்லை.

பின்னர் அரசும் இந்தப் பக்கம் திரும்பியது. 2006, 2007 ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் அந்நிறுவனத்தைச் சுசே லினக்ஸுக்கு மாற்றி, அரசுக் கொள்முதல்களிலும் அதை வலியுறுத்தினார். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இவை தனிக்கட்டுரைக்கு உரியவை. கோப்புகளில் இவற்றுக்குச் சான்றும் மிகுதி. நமக்குக் கவலை சான்றில்லாதவற்றைப் பற்றி.

இன்று பழைய பெட்டியின் நிலை என்ன? 2012இலேயே லினக்ஸ் கருவகம் 386ஐக் கைவிட்டது. 2025இல் வந்த டெபியன் பதின்மூன்றாம் பதிப்பு, 32 பிட் கணினிகளை முழுநிலைக் கட்டமைப்பாகக் கொள்வதை நிறுத்தியது. அதைவிடப் பெரிய பூட்டு மறையாக்கம். 2020இல் உலாவிகள் பழைய மறையாக்க நெறிமுறைகளைத் தள்ளிவிட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய மென்பொருளோடு நிற்கும் வழங்கியை இன்றைய உலாவி நம்பத்தகாதவன் என்று வாசலிலேயே நிறுத்துகிறது. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆயினும் வீட்டுக்குள், பள்ளிக்குள், நூலகத்துக்குள், வெளியுலகோடு இணையாத சிறு வலையில் அப்பெட்டி இன்றும் வழங்கும். மெதுவாக ஓடும் பழைய கணினியைக் கழிவாகத் தூக்கி எறியும் கல்லூரிகள், தம் நூலகத்தில் இணையம் அறுபடும் நாள்களை எண்ணிப் பார்த்தால் நன்று.

ஈழத்து நண்பர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. படி ஒன்றே இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நாம் அவ்வாறு கற்றோமா என்பது ஐயம். திண்ணையும் பதிவுகளும் போலத் தாக்குப்பிடித்த இணைய இதழ்கள் சிலவே. ஆறாம்திணை, அம்பலம் என்று ஒரு காலத்தில் நாள்தோறும் நாம் சென்ற இடங்களின் பழைய பக்கங்களைத் தேடினால், அமெரிக்காவின் இணைய ஆவணகத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன; பல அவ்வளவுகூட இல்லை.

ஜியோசிட்டீஸ் மூடப்படும் தறுவாயில் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு அதன் பக்கங்களை அள்ளியது. அடுத்த ஆண்டு அறுநூறு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே மூட்டையாகப் பொதுவில் வைத்தது. அந்த மூட்டைக்குள் தமிழும் இருக்கிறது. ஆனால் அவற்றைத் திறந்தால் தமிழாகத் தெரியாது. மயிலை, இணைமதி, இன்னும் பெயர் மறந்த பல எழுத்துருக்களின் குறிகளில் அவை எழுதப்பட்டவை. எந்த எழுத்துரு என்பதை முதலில் ஊகிக்க வேண்டும். பிறகு சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் இட்டுப் பார்க்க வேண்டும். சில எழுத்துருக்களுக்கு மாற்றியே கிடையாது, எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டுத்தான் படிக்க வேண்டும். இதற்குப் பெரிய எந்திரம் வேண்டாம். பழைய இயங்குதளமும் பழைய எழுத்துருவும் அழியாமல் கிடக்கும் ஒரு பழைய பெட்டி வேண்டும். அப்படி ஒன்று யாரிடமேனும் பரணில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் அதன் எழுத்துருக் கோப்புறையை ஒரு குறுந்தகட்டில் படியெடுத்து வைக்கும்படி வேண்டுகிறோம்.